ஏழு நாள் குழந்தை

அத்தியாயம் 6

"இதைக் கழுத்துல மாட்டிக்குங்க. நிறம் மாறினா உடனே எங்ககிட்ட சொல்லுங்க" என்று வாசல் காவலாளி, கதிர்வீச்சைக் காட்டும் இரண்டு சிறிய அட்டைகளை நீட்டினார்.

"மாறினதுக்கு அப்புறம் சொல்றதுக்கு நாங்க இருப்போமா?" என்றாள் ரேடியோ.

காவலாளி சிரிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கலங்கடித்தது.

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரேடியோவுக்கு நேர்மாறு. வாய் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒன்பது வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து வண்டி எண்ணையும் ஊர்ப்பெயரையும் ஒப்பித்ததால் வந்த பட்டப்பெயர் அது. அந்த வேலையை ஒரு இயந்திரம் பறித்துக்கொண்ட பிறகு, அண்ணன் மனைவியிடமே உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். "நாத்தனார் அண்ணிக்குக் கைகட்டி வேலை செய்யற அதிசயத்தை வேற எங்கேயும் பார்க்க முடியாது" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அண்ணி இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். சாம்பலைக் கிளறிப் பார்த்தே கிடங்கு எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். அவருக்குப் பேச்சு குறைவு. வீட்டின் மொத்தப் பேச்சையும் நாத்தனாரே எடுத்துக்கொண்டதாக அண்ணன் சொல்வதுண்டு.

ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் அவர்களுக்காக வாசலிலேயே காத்திருந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அறைக்குள் போனதும் மேஜை மேல் ஒரு மாதிரித் தண்டை வைத்தார். கை நீளம், ஆறு பட்டை, கரி நிறம். அதன் முனையில் தேன்கூட்டைப் போலச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது வெறும் மாதிரி. தொடலாம்" என்றார்.

"பரவாயில்ல சார், கண்ணாலயே தொட்டுக்கறேன்" என்று ரேடியோ கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நாங்க செய்யறது ராக்கெட்டுக்கான எரிபொருள் தண்டு. ஆனா இது எரியாது. கரியும் யுரேனியமும் கலந்தது. அணுசக்தியால தானே சூடாகும். இந்தப் பத்தொன்பது ஓட்டை வழியா ஹைட்ரஜன் வாயு போகும். போகும்போதே சூடாகி, விரிஞ்சு, பின்பக்கமா பீறிட்டு வெளிய வரும். அந்த வேகம்தான் ராக்கெட்டைத் தள்ளும்."

"சிக்கல் எங்கே?" என்றார் அண்ணி.

"அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் கரியைத் தின்னுடும். அதனால ஒவ்வொரு ஓட்டைக்குள்ளேயும் தலைமுடியைவிட மெல்லிசா ஒரு பூச்சு. பூச்சு போச்சுன்னா தண்டு போச்சு."

"தண்டு போச்சுன்னா?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இன்னைக்கு நாலு மணிக்குச் சோதனை. அணு வேலை எதுவும் கிடையாது. ஏழு தண்டை ஒரே கட்டா வெச்சு, மின்சாரத்தால சூடாக்கி ஹைட்ரஜனை விடப்போறோம். ஒரு தண்டு நடுவுல உடைஞ்சு வழியை அடைச்சா, உலைச்சுவர் உருகும். ஹைட்ரஜன் காத்தோட கலக்கும். அப்புறம் ஒரு பொறி போதும். உள்ளே ஒன்பது பேர் இருப்போம்."

ரேடியோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா சார்?"

"நானும்தான்."

விஷயம் இதுதான். அந்தக் கட்டோடு சேர வேண்டிய பதினான்காம் எண் தண்டு, பூட்டிய அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. அலமாரிச் சாவி அளவம்மாவிடம் இருந்தது. தண்டுகளை அளந்து, ஓட்டைகளுக்குள் பார்த்து, நல்லது கெட்டது சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நேற்று மாலை கடைசியாகப் போனவர் அவர்தான். இன்று வேலைக்கு வரவில்லை. கைப்பேசியை அணைத்து வைத்திருக்கிறார்.

"யுரேனியம் இருக்கற பொருள் காணோம்னா மேலிடத்துக்கு எழுதியாகணும். சாயங்காலம் வரைக்கும்தான் எனக்கு நேரம். அவங்க யாருக்கோ வித்துட்டாங்கன்னுதான் தோணுது. எப்படியாவது தண்டைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

"அப்போ சோதனை?"

"நிறுத்த முடியாது. இந்த வாரம் நடக்கலைன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. கையில உபரியா பதினஞ்சாம் நம்பர் தண்டு இருந்தது. அதை வெச்சுட்டோம்."

அலமாரியை அண்ணி அதிக நேரம் பார்க்கவில்லை. மூன்று தட்டுகள். எடுத்தவர் மேல் தட்டைத் தூக்கிக் கீழே வைத்து, நடுத்தட்டில் குறிப்பாகப் பதினான்கை மட்டும் எடுத்து, மேல் தட்டைத் திரும்ப ஒழுங்காக வைத்திருந்தார். தண்டுக்கான பஞ்சுவைத்த குழலையும் கையுறையையும்கூட மறக்காமல் கொண்டுபோயிருந்தார்.

"விக்கறவ மேல இருக்கறதை எடுத்துக்கிட்டு ஓடுவா. எல்லாத் தண்டும் ஒரே விலைதானே? இவ பொறுக்கி எடுத்திருக்கா" என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். "பதினாலுல என்ன விசேஷம்?"

தாழ்வாரத்தில் நடக்கும்போது ரேடியோ தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள். அதில் ஒன்று இருபத்தைந்து. சுவரில் ஒன்று பதினான்கு. அடுத்த அறையிலும் ஒன்று பதினான்கு.

"என்னண்ணே, இங்க கடிகாரம் எல்லாம் சேர்ந்து சோம்பேறியாயிடுச்சா?"

"எல்லாம் ஒரே பெட்டியில இருந்து ஓடுதும்மா" என்றார் கூட வந்த காவலாளி. "போன வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குக் கரண்ட் போச்சு. பதினொரு நிமிஷம். பெட்டிச் சாவி வெச்சிருக்கறவர் லீவு. அவர் வந்துதான் நேரத்தைத் திருத்தணும். எங்க சங்குகூட இப்போ லேட்டாத்தான் ஊதுது."

அண்ணி நின்றார். "பதினாலாம் நம்பருக்குப் பூச்சு என்னைக்குப் போட்டாங்க?"

காவலாளிக்குத் தெரியவில்லை. பூச்சு உலை அறைக்குப் போனார்கள்.

உலைக்காரர் சோதனைக்கான வெள்ளை உடுப்பில் இருந்தார். நாற்பது வயது. நல்ல உயரம். கண்கள் சிவந்திருந்தன. அளவம்மாவின் வீட்டுக்காரர் அவர்தான். ரேடியோ எதிர்பார்த்ததைவிடத் தணிந்த குரலில் பேசினார்.

"காலையில நான் சீக்கிரமே கிளம்பிட்டேன். அவ எப்பவும் போல பஸ்ல வருவான்னு நினைச்சேன். அவ தங்கச்சி டாக்டர். அவகிட்டயும் கேட்டாச்சு. வரலைன்னுட்டா."

"பதினாலும் பதினஞ்சும் என்னைக்கு உலையில இருந்தது?" என்றார் அண்ணி.

"போன வியாழக்கிழமை. ஒரு தடவைக்கு ரெண்டு தண்டுதான் வைக்க முடியும்."

"அன்னைக்குத்தானே கரண்ட் போச்சு?"

உலைக்காரர் கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். "பேட்டரி இருக்கு."

"அது தானா ஓடுமா?"

"ஒரு கைப்பிடியைத் தூக்கிவிடணும்."

"தூக்கினீங்களா?"

"சார்ட்டைப் பாருங்க" என்று ஒரு கோப்பை எடுத்து நீட்டினார். உலையின் சூட்டை ஒரு பேனா நாள் முழுக்கத் தாளில் கோடாக வரைந்துகொண்டே இருக்குமாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தாள். வியாழக்கிழமைத் தாளில் கோடு அலையில்லாத குளம் போல நேராக ஓடியது. பத்தே முக்காலில் சின்னத் துள்ளல்கூட இல்லை.

"இதுக்கு ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

"காப்பி மெஷின் இயக்குநர் ரூம்ல மட்டும்தான். சாவியும் அவர்கிட்டதான். ரகசியக் காகிதம் வெளிய போயிடக்கூடாதுன்னு."

"அப்போ ஒரிஜினலையே தாங்க. சாயங்காலம் தர்றேன்."

அவர் கோப்பைக் கொடுத்தார். ஆனால் விரல்கள் உடனே அதை விட்டுவிடவில்லை. ரேடியோ அதைக் கவனித்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டவனின் முகம் அது. பேருந்து நிலையத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் படிக்கட்டில் ஒரு கால் வைத்து நிற்பவர்களின் முகம்.

அளவம்மாவின் அறை துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஓட்டைகளுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கம்பிக் கேமரா ஒரு பெட்டிக்குள் கிடந்தது. அதன் வயர் நடுவில் கத்தரித்தது போலத் துண்டாகியிருந்தது.

"எலியா இருக்குமோ?" என்றாள் ரேடியோ.

"கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்ச எலி."

மேஜை நாட்காட்டியில் இன்றைய தேதிக்குக் கீழே பென்சிலால் நாலு வார்த்தை எழுதியிருந்தது. 'குழந்தை. 7 நாள். 14. மதியம் 3.' அதைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு, தாளே கிழியும் அளவுக்கு அழுத்தியிருந்தார்.

"இவங்களுக்குக் குழந்தை உண்டா?" என்று அண்ணி காவலாளியைக் கேட்டார்.

"இல்லைங்க. பாவம், ரொம்ப நாளா இல்ல."

"அப்போ யார் குழந்தை?" என்றாள் ரேடியோ. சுவர்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு இயந்திரம் உறுமத் தொடங்கியிருந்தது. தரை அதிர்ந்தது. அவள் வாய் இன்னும் வேகமாக ஓடியது. "பதினாலாவது குழந்தையா? தங்கச்சி டாக்டர்னாரே, என்ன டாக்டர்?"

"காது மூக்கு தொண்டை" என்றார் காவலாளி. "பச்சைக் குழந்தைங்களுக்கு மட்டும் பார்ப்பாங்க."

"ஏழு நாள் குழந்தைக்கு மூக்குல என்னத்தைப் பார்ப்பாங்க? ஓட்டை இருக்கான்னா?"

அண்ணி சடாரென்று திரும்பினார். "இப்போ என்ன சொன்னே?"

"தப்பா, அண்ணி?"

"பிறந்த குழந்தையோட மூக்குக்குள்ளே விடற கேமரா எவ்வளவு மெல்லிசா இருக்கும்? இங்க இருக்கற கம்பி வெட்டிப் போயிருக்கு. இவளுக்கு உள்ளே பார்த்தாகணும். போன வியாழக்கிழமை உலையிலிருந்து பிறந்தது, இன்னைக்கு வியாழன். ஏழு நாள். பக்கத்துல ஆள் இருந்ததால, தண்டைக் குழந்தைன்னு மறைச்சுத் தங்கச்சிகிட்ட போன்ல பேசியிருக்கா. வாய் பேசினதைக் கை எழுதியிருக்கு. அந்தக் குழந்தையோட பேர்தான் பதினாலு."

ரேடியோ வாயைப் பிளந்தாள். "அப்போ அந்த டாக்டரம்மா, அக்கா வரலைன்னு சொன்னது பச்சைப் பொய்!"

முப்பத்தைந்து நிமிடப் பயணம். ரேடியோதான் வண்டி ஓட்டினாள். மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கைக்குழந்தைகளோடு நான்கைந்து தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சிரிக்கும் யானைப் படம். இந்தக் கட்டடத்துக்குள் எங்கோ யுரேனியம் இருக்கிறது என்று நினைத்ததும் ரேடியோ வாசல் பக்கமாக இருந்த நாற்காலிக்கு மாறினாள். கழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. ஒரு குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் வரச் சொல்லும்வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கோப்பைப் புரட்டினாள். திங்கட்கிழமைத் தாளின் ஓரத்தில் ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருந்தது. இறக்கை தனி, கால் தனி. முகத்தைச் சுளித்துப் பக்கத்தைத் திருப்பினாள். செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமைத் தாளின் ஓரத்திலும் அதே கொசு.

"அண்ணி, கொசு ஒரே இடத்துல ரெண்டு தடவை சாகுமா?"

அண்ணி குனிந்தார். திங்கட்கிழமைக் கொசுவை நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. வியாழக்கிழமைக் கொசுவைச் சுரண்டினார். அது வெறும் மை.

"திங்கட்கிழமைத் தாளை காப்பி எடுத்து, தேதியை மாத்தி இங்க செருகியிருக்காங்க" என்றார். குரல் அடங்கிப் போயிருந்தது. "அப்படின்னா அன்னைக்கு உலை அணைஞ்சு போச்சு, ரேடியோ. பாதியில ஆறின பூச்சுக்கு மேல திரும்பச் சூடேத்திப் பூசியிருக்கு. ஈரச்சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு மாதிரி உரியும்."

அவர்கள் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணி கதவைத் தள்ளினார்.

உள்ளே பச்சைத்துணி விரித்த சிறிய மேஜையில், குழந்தையைக் கிடத்த வேண்டிய இடத்தில், அந்தக் கரிய தண்டு கிடந்தது. டாக்டர் தங்கை எழுந்து குறுக்கே நின்றார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் கையுறையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்குள்தான் இருக்கும். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"போலீஸா?" என்றார் அளவம்மா.

"இல்லம்மா, குடும்பம்" என்றாள் ரேடியோ. "இவங்க அண்ணி, நான் நாத்தனார். என்ன கண்டுபிடிச்சீங்க?"

அளவம்மா திரையைக் காட்டினார். ஒன்பதாம் ஓட்டையின் உட்புறம். வெயிலில் காய்ந்த தோல் போலப் பூச்சு சுருண்டு சுருண்டு எழும்பி நின்றது.

"நாலு மணி நேரமா இதையே பார்த்துக்கிட்டு இருக்கா" என்றார் தங்கை. "மூணு மணிக்குத்தான் வரச் சொன்னேன். காலையிலயே வந்து நிக்கறா. யாருக்காவது சொல்லுடின்னா மாட்டேங்கறா."

அண்ணி அவர் முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேமரா வயரை வெட்டினது நீங்கதானே?"

அளவம்மா தலையசைத்தார். "முந்தாநாள் மேலோட்டமாப் பார்த்தேன். நிழல் மாதிரி தெரிஞ்சது. வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னு வெட்டிட்டேன். நான் முதல்ல முழுசாத் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது." கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்து, எதையோ தேடி, அண்ணியிடம் நீட்டினார். "பாருங்க."

வியாழக்கிழமை, 10.42. கணவருக்கு ஓர் அழைப்பு. பதினான்கு நிமிடம்.

"அன்னைக்கு எனக்கு லீவு. வீட்டுல சமையலறைக் குழாய் உடைஞ்சு தண்ணி பீறிட்டுச்சு. உலை ரூம்ல சிக்னல் கிடையாது. அவர் வெளிய மரத்தடிக்கு வந்து நின்னு, இதை அடை, அதைத் திருகுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அந்த நேரத்துல கரண்ட் போனது எனக்குத் தெரியாது. மறுநாள்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். கைப்பிடியைத் தூக்க அங்க ஆளே இல்லைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனா சார்ட்ல கோடு நேரா இருக்கு." அவர் குரல் உடைந்தது. "என் வீட்டுக்காரர் பொய்யா ஒரு சார்ட்டை வெச்சிருக்கார். அதுவும் நான் போன் பண்ணினதால. எப்படிம்மா என் வாயால சொல்லுவேன்?"

ரேடியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆனா நாலு மணிக்குச் சோதனை..."

"நடக்காது. அந்தக் கட்டுல வியாழக்கிழமைத் தண்டு இது ஒண்ணுதான். அதனாலதான் எடுத்துட்டு வந்தேன். ஆறை வெச்சு ஓட்ட முடியாது."

ரேடியோ அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்தார். வாழ்நாளிலேயே முதல்முறையாக ரேடியோவுக்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கத் தெரியவில்லை.

"பதினஞ்சை வெச்சுட்டாங்கம்மா" என்றாள்.

அளவம்மா எழுந்துவிட்டார். "பதினஞ்சுக்கு நான் கையெழுத்தே போடலையே!"

"இயக்குநர் போட்டிருப்பார்" என்றார் அண்ணி.

"அது இதோட இரட்டைப் பிள்ளை! என் வீட்டுக்காரர்தான் வாயுவைத் திறக்கற வால்வுல நிக்கறார்!"

மணி மூன்று பதினேழு. இயக்குநரின் எண் அணைந்திருந்தது. சோதனைக்கு முன் எல்லாருடைய கைப்பேசியும் வெளியே பூட்டி வைக்கப்படும். அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற ஆட்களை ஏற்கெனவே பாதுகாப்பு மண்மேட்டுக்கு அப்பால் அனுப்பியிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் எடுத்தவர் முகவரியைக் கேட்டுவிட்டு, அவர்கள் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்.

ரேடியோ வண்டியைக் கிளப்பினாள். பின்னிருக்கையில் அளவம்மா, மடியில் குழலுக்குள் அந்தத் தண்டு. பச்சைக் குழந்தையைப் பிடிப்பது போலவே பிடித்திருந்தார். முதல் சிக்னலில் சிவப்பு. இரண்டாவதிலும் சிவப்பு. பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி அசையாமல் நின்றது. ரேடியோ ஹாரனை அழுத்தியே பிடித்தாள். மூன்று முப்பத்தெட்டு. கிளட்சிலிருந்து கால் நழுவியது.

"அண்ணி, நாம போய்ச் சேரும்போதே வெடிச்சா?"

"தெரியாது."

"ஆறுதலா ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா?"

"சங்கு" என்றார் அண்ணி திடீரென்று. "அவங்க சங்கு ஊதினப்புறம்தான் வாயுவைத் திறப்பாங்க. சங்கு அவங்க கடிகாரத்துல ஓடுது. அவங்களுக்கு நாலு மணின்னா நமக்கு நாலு பதினொண்ணு. இது பொய் இல்ல."

ரேடியோ வண்டியை இடதுபுறமாக ஒடித்து லாரியைத் தாண்டினாள்.

வாசலுக்கு வந்தபோது ரேடியோவின் கைக்கடிகாரத்தில் மணி நான்கு மூன்று. காவலாளி ஓடி வந்தார். "யாரும் உள்ள போகக்கூடாதும்மா!" என்று ஆரம்பித்தவர், பின்னிருக்கையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். வெறிச்சோடிய முற்றத்தில் நால்வரும் ஓடினார்கள். இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு காக்கைகூட இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஹைட்ரஜன் உருளைகள் வரிசையாக நின்றன. ரேடியோ அவற்றைப் பார்க்காமல் ஓட முயன்றாள். கண் அங்கேயே போயிற்று.

இரும்புக் கதவு. அதில் உள்ளங்கை அளவுக்குத் தடித்த கண்ணாடி. பக்கத்தில் பேசும் பெட்டி. காவலாளி பொத்தானை அழுத்தினார். கண்ணாடி வழியாக ரேடியோ ஒன்பது முதுகுகளைப் பார்த்தாள். அவர்களுக்கும் அப்பால், இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால், ஏழு தண்டுகளும் கண்கூசும் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன.

"பதினஞ்சுல பூச்சு நிக்காது. நிறுத்துங்க!" என்றார் அளவம்மா.

இயக்குநர் திரும்பினார். "எங்கே போயிட்டீங்க? பதினாலு எங்கே?"

"எங்கிட்ட இருக்கு. உரிஞ்சு போயிருக்கு. பதினஞ்சும் அதே ஓட்டம்."

"சார்ட் சரியா இருக்கேம்மா! இப்போ நிறுத்தினா இன்னொரு தடவை தரமாட்டாங்க. நீங்க திருடிட்டு வந்து சொல்றதை நம்பி நான்..."

அளவம்மா இயக்குநரை விட்டுவிட்டார். வால்வுக்குப் பக்கத்தில் திரும்பாமல் நின்ற உயரமான முதுகைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க. வியாழக்கிழமை நான் போன் பண்ணினப்போ நீங்க மரத்தடியில நின்னீங்க. பதினாலு நிமிஷம். போன்லயே பதிவு இருக்கு. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திறக்காதீங்க."

எட்டுத் தலைகள் உலைக்காரர் பக்கம் திரும்பின. அவர் மட்டும் திரும்பவில்லை. வலது கை சக்கரத்தின் மேல் இருந்தது.

சங்கு ஊதியது.

அந்தக் கை அசைந்தது. எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அதை இறுகப் பற்றினார்.

சக்கரம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது. உலைக்காரர் அதிலிருந்து கையை எடுத்து, பலகையில் இருந்த சிவப்புப் பொத்தானையும் அடித்தார். வெள்ளையாகக் கொதித்த தண்டுகள் மஞ்சளாயின. மஞ்சள் சிவப்பாயிற்று. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆற இரண்டு மணி நேரம் ஆயிற்று. கட்டைப் பிரித்து இழுத்தபோது ஆறு தண்டுகள் முழுதாக வந்தன. பதினைந்து பாதிதான் வந்தது. மீதிப் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. வாயு ஒரு மூச்சுகூடப் போகாமல் வெறும் சூட்டிலேயே முறிந்திருந்தது. ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்; ஏழு பேர் முற்றத்தில் உட்கார்ந்தார்கள்.

உலைக்காரர் மனைவிக்கு எதிரில் வந்து நின்றார்.

"நீ நினைக்கற மாதிரி இல்ல" என்றார். "உலை அணைஞ்சதை அன்னைக்கே நோட்டுல எழுதினேன். ரெண்டு தண்டையும் கழிக்கணும்னு எழுதி, அசல் சார்ட்டோட மேல அனுப்பினேன். மறுநாள் கோப்பைப் பார்த்தா வேற சார்ட் இருந்தது. என் பக்கத்தையும் காணோம். வாயைத் திறந்தா, அந்த நேரத்துல நீ எங்கே இருந்தேன்னுதானே முதல்ல கேட்பாங்க? நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு ஏழு நாள் போயிடுச்சு. பதினாலு காணோம்னதும் சாமி கும்பிட்டேன். அப்புறம் பதினஞ்சைக் கொண்டுவந்தாங்க."

"தெரிஞ்சுமா வால்வுல நின்னீங்க?"

"நான் நிக்கலைன்னா வேற ஒருத்தனை நிக்க வெப்பாங்க."

அளவம்மா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கப் போகிறாரா, அழப் போகிறாரா என்று தெரியவில்லை. விடவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி கோப்பிலிருந்து வியாழக்கிழமைத் தாளை உருவினார். சற்றுத் தள்ளித் தனியாக நின்ற இயக்குநரிடம் போனார். ரேடியோ பின்னாலேயே போனாள்.

"காப்பி மெஷின் உங்க ரூம்லதான் இருக்கு. சாவி உங்ககிட்டதான் இருக்கு" என்றார் அண்ணி. "தேதியை மாத்தினீங்க சார், கொசுவை மறந்துட்டீங்க."

இயக்குநர் தாளைப் பார்த்தார். மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் தாங்கும்னு நினைச்சேன். கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். முந்நூறு பேர் வேலை. பன்னிரண்டு வருஷம். தாங்காதுன்னு நினைச்சிருந்தா நான் உள்ளே நிப்பேனா?"

"தாங்கும்னு நீங்க நம்பினீங்க. மத்த ஏழு பேர்கிட்ட கேட்டீங்களா?"

இயக்குநர் முற்றத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"எல்லாம் தெரிஞ்சும் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றாள் ரேடியோ. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது.

"தண்டைத்தான் தேடச் சொன்னேன்" என்றார் இயக்குநர். "அவங்க எதுக்கு எடுத்தாங்கன்னு தேடச் சொல்லலையே."

அண்ணி தாளை மடித்துப் பையில் வைத்தார். "மேலிடத்துக்கு நான் எழுதிக்கறேன். அங்கே உக்காந்திருக்கறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. இப்பவே."

இயக்குநர் முற்றத்தின் குறுக்கே நடந்தார். இருபதடி தூரம். அதைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண், அளவுமானிகளைக் கவனிப்பவர், அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். தன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவரிடமே நீட்டினார்.

"குடிங்க சார், நீங்கதான் ரொம்ப பயந்துட்டீங்க. கடவுள் புண்ணியம், எல்லாரும் தப்பிச்சோம்."

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். வாய்வரை கொண்டுபோனார். குடிக்கவில்லை.

"என்ன சார்?" என்றார் அந்தப் பெண். "சொல்லுங்க."